சன்னல் வழியாக எடுத்த ரத்தம்

"செல்வி, கோவிச்சுக்காதீங்க. இந்த ஆறு ரீடிங்கையும் நீங்க ஊசி குத்தி எடுத்தீங்களா, இல்ல வீட்ல உக்காந்து எழுதினீங்களா?"

ஆன்லைன் மீட்டிங்கில், மூன்று பேராசிரியர்கள் கேட்டுக்கொண்டிருக்க, நான்காவது பேராசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கள ஆய்வு வேலைக்கு வந்து அப்போது எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறைதான் எங்கள் புராஜெக்ட் ஆபீஸ். அங்கே லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை என்பது தெரியும். ஆனால் திரையில் அவர் காட்டிய ஆறு எண்களைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது எல்லாம் நன்றாகப் போன புராஜெக்டுகளைப் பற்றித்தான். இதை மட்டும் சொல்லாமலே தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு இன்னும் குழப்பம்தான். புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நான்கு துறை, ஒரு கேள்வி

கல்வராயன் மலைப் பள்ளிகளில் தண்ணீர் ஃபில்டர் வைத்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் பூச்சித் தொல்லையும் குறையும். அதனால் ரத்தம் ஊறும். ரத்தம் ஊறினால் பாடத்தில் கவனம் கூடும். இது உண்மையா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஃபில்டரைச் செய்தவர் ஒரு இன்ஜினியரிங் பேராசிரியர். ரத்தத்தைப் பார்ப்பது ஒரு மருத்துவப் பேராசிரியர். நாங்கள் டாக்டரம்மா என்போம். பிள்ளைகளுக்குக் கணக்குத் தேர்வு வைத்துத் திருத்துவது கல்வியியல் மேடம். எல்லா எண்களையும் கடைசியில் வாங்கிப் போட்டு, ஃபில்டரால் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் கணிதத்துறைக்காரர். அவர்தான் என்னைக் கேள்வி கேட்டவர். அவரைக் கணக்கு சார் என்றே சொல்கிறேன்.

நான் நைனார்பாளையத்துக்காரி. பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் என்பது என் பதவி. ஆய்வுப் பேப்பரில் பெயர் வராத வேலை. ஆனால் பேப்பரில் வருகிற ஒவ்வொரு எண்ணும் எங்கள் கை வழியாகத்தான் போகும்.

ஃபில்டர் வைப்பதற்கு முன்னால் மருத்துவ மாணவர்கள் வந்து ஒரு முறை ரத்தம் எடுத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து நான் போய் இரண்டாம் முறை எடுத்தேன். விரல் நுனியில் லான்செட்டால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அதைச் சின்ன மீட்டரில் வைத்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று காட்டும். பழைய ரீடிங் என்ன என்பதை எனக்குக் காட்டமாட்டார்கள். தெரிந்தால் அதற்கு ஏற்றாற்போல் எழுதிவிடுவோம் என்பதற்காக அப்படி ஒரு விதி.

வெள்ளிமலைக்கு அப்பால் இருந்த ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில்தான் பிரச்சினை. ஒன்பதாம் வகுப்பில் ஆறு பெண்களுக்கு 12.5, 12.6, 12.7 என்று பக்கத்துப் பக்கத்து எண்கள். இந்த வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நல்ல எண். அவர்களில் ஐந்து பேருக்கு முந்தைய வருடம் மிகக் குறைவாக இருந்திருக்கிறது.

நான்கு விளக்கங்கள்

மீட்டிங்கில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃபில்டர் வேலை செய்கிறது என்றார் இன்ஜினியர் சார். அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. சுத்தமான தண்ணீர் குடித்தால் மட்டும் ரத்தம் இவ்வளவு ஏறாது, மீட்டர் கெட்டிருக்கும் என்றார் டாக்டரம்மா. பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வரவேண்டும் என்று யாராவது ஏதாவது செய்திருக்கலாம் என்றார் கல்வியியல் மேடம். கணக்கு சார், வெவ்வேறு ஆறு உடம்புகள் இப்படி ஒரே எண்ணைக் காட்டாது, ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்து எழுதினால்தான் இப்படி வரும் என்றார்.

நால்வரும் படித்தவர்கள். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. கணக்கு சார் பேசியபோதும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. மழையில், கரண்ட் இல்லாத அறையில், ஒரே நாளில் அறுபது பிள்ளைகளுக்கு எடுத்தேன். நடுவில் தூங்கி வழிந்து முந்தைய எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டுவிட்டேனோ?

"சார், நான் எழுதல. குத்தித்தான் எடுத்தேன். ஆனா எப்படி இப்படி வந்துச்சின்னு எனக்குத் தெரியல" என்றேன்.

ஒரு வாரம் டைம் கொடுத்தார்கள். பதில் இல்லையென்றால் என்னை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடுவது என்று முடிவு. இந்த வேலையில் 'எண்ணை இட்டுக்கட்டியவள்' என்று பெயர் வந்துவிட்டால் உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரைக்கும் எந்தப் புராஜெக்டிலும் எடுக்கமாட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தியாகதுருகத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். "நீ எழுதலன்னா எழுதலதான், இதுல இன்னா கொழப்பம்?" என்றார். எழுதாமலே தப்பாக வந்திருக்கிறதே, அதுதான் குழப்பம் என்று அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

மீட்டிங்குக்குப் பிறகு பழைய பட்டியலையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் முறையாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து பேருக்குத்தான் எண் ஏறியிருந்தது. ஆறாவது பெண் சந்தியாவுக்குப் போன வருடமும் 12.6தான், இந்த வருடமும் 12.6தான். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. பள்ளிக்கு நேரில் போய்ப் பார்ப்பது என்று மட்டும் முடிவு செய்தேன்.

மறுபடியும் மலைக்கு

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். அங்கிருந்து ஷேர் ஜீப். மீட்டரைப் பையில் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

ஹெச்.எம். நல்ல மாதிரி மனிதர். ஆறு பேரையும் அழைத்துவரச் சொன்னார். இந்த முறை மழை இல்லை. வராண்டாவில் மேசை போட்டு, எதிரில் நாற்காலி போட்டு, பிள்ளைகளை உட்காரவைத்தேன்.

முதலில் வந்தவள் பவித்ரா. கணக்குத் தேர்வில் அந்தப் பள்ளியிலேயே அதிக மார்க் வாங்கியவள். முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. வகுப்பறையிலிருந்து வராண்டாவுக்கு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கினாள். என் பட்டியலில் இவளுக்கு 12.7.

குத்தினேன். மீட்டர் 5.6 என்றது.

டாக்டரம்மா சொன்னதுதான் சரி, மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். என் விரலிலேயே குத்திப் பார்த்தேன். எனக்கு எப்போதும் வருகிற எண்தான் வந்தது. மறுபடியும் பவித்ராவின் வேறொரு விரலில் எடுத்தேன். 5.5. மீட்டர் கெடவில்லை.

அப்படியானால் போன முறை நான் பார்த்தது யாருடைய ரத்தம்?

அந்த மழை நாளை யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கொடுத்த அறை முழுக்க அரிசி மூட்டை. சன்னல் ஓரத்தில் மட்டும்தான் வெளிச்சம். வராண்டாவில் சாரல் அடித்ததால் மீட்டர் நனையக்கூடாது என்று நான் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். சன்னலின் மேல் கதவுகள் துருப்பிடித்துத் திறக்கவில்லை. கீழ்க்கதவு மட்டும் திறந்தது. பிள்ளைகளை வெளியே வரிசையில் நிற்கச் சொன்னேன். பெயரைக் கூப்பிடுவேன். "உள்ளேன் மிஸ்" என்று குரல் வரும். கம்பி வழியாக ஒரு கை வரும். அறுபது கைகளையும் பார்த்தேன். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை.

மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்து நின்றிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்காமலே சந்தியா முன்னால் வந்தாள்.

"நான்தான் மிஸ் குடுத்தேன்."

"யாருக்கெல்லாம்?"

"இவங்க அஞ்சு பேருக்கும். எனக்கு ஒண்ணு. ஆறு வெரலு."

ஏன் என்று கேட்டேன். முந்தைய வருடம் மருத்துவ மாணவர்கள் ரத்தம் எடுத்தபோது பவித்ரா மயங்கி விழுந்திருக்கிறாள். அதிலிருந்து இவர்களுக்கெல்லாம் பயம். ரத்தம் கம்மி என்று தெரிந்தால் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவார்கள், அப்புறம் வூட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பேச்சு வேறு. சந்தியாவுக்கு ஊசி என்றால் பயமில்லை. அதனால் வரிசையில் மாற்றி மாற்றி வந்து நின்றிருக்கிறாள்.

நான் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. "அவங்க ரத்தத்துக்குப் பதிலா உன் ரத்தத்தக் குடுத்தா தப்பில்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். "நீங்க எழுதிக்கினு போறதுக்குத்தான கேட்டீங்க மிஸ்? போன வருசமும் எழுதிக்கினு போனாங்க. இன்னா வந்துச்சின்னு யாரும் வந்து சொல்லல. யாருதா இருந்தா இன்னான்னு குடுத்துட்டேன்."



அதைவிட மோசமான ஒன்றை ஹெச்.எம். சொன்னார். என் ரீடிங்குகள் பள்ளிக்கு வந்ததும், நல்ல எண் வந்த பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பட்டியலில் பவித்ராவும் இருந்தாள். நான் எழுதிய 12.7 அவளுடைய மாத்திரையை நிறுத்தியிருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு உடனே போன் போட்டேன். ரீடிங்கைக் கேட்டதும், "வேற எதுவும் பேச வேணாம், இப்பவே கீழ இறக்குங்க" என்றார். மற்ற நால்வருக்கும் மாத்திரையை மறுபடி கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்போது வந்த ஜீப்பிலேயே பவித்ராவையும் ஒரு டீச்சரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பல மாதமாக மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்ததையும், அவள் யாரிடமும் சொல்லாததையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்கும் பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு துறையும் சேர்ந்து போட்ட ஆய்வுக் கேள்விப் பட்டியலில் இதைக் கேட்க ஒரு கேள்வியே இல்லை.

நான் அனுப்பிய மெயில்

நால்வருக்கும் ஒரே மெயில் அனுப்பினேன். எண்ணை நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் எண் பொய். பிள்ளையை எதிரில் உட்காரவைத்து எடுக்க வேண்டும் என்ற விதியை நான் மீறினேன், அதனால் வந்தது.

இன்ஜினியர் சார் போன் செய்தார். ஒரு பள்ளிதானே, அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார். பிறகு கணக்கு சார் பேசினார். என்னைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை.

"இந்த ஸ்கூல்ல நம்பர் உதைச்சதால கண்டுபிடிச்சோம். உதைக்காம கலந்துபோனது மத்த ஸ்கூல்ல எத்தனை இருக்கும்?"

மற்ற பள்ளிகளில் நான் சன்னல் வழியாக எடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன் என்று சொன்னேன். 'நினைக்கிறேன்' என்ற வார்த்தையே போதும் என்றார். எல்லாப் பள்ளிகளிலும் மறுபடியும் எடுத்தோம். ஃபில்டரால் ரத்தம் கூடியதா என்பதற்குக் கடைசியில் வந்த பதில், 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை'. அறிக்கையில், அடையாளப் பிழை காரணமாக மறு அளவீடு செய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. சந்தியாவின் ஆறு விரலும் பவித்ராவின் ஜீப் பயணமும் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன. என் வேலை போகவில்லை. ஆனால் அந்த வரியைப் படித்தபோது நான் தப்பித்தேனா மாட்டிக்கொண்டேனா என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னொரு குழப்பமும் தீரவில்லை. கணக்கு சார் என்னைத் திருடி மாதிரி கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் நான் மலைக்குப் போயிருக்கமாட்டேன். அவர் சொன்னது தப்பு. ஆனால் அந்தத் தப்பான சந்தேகம்தான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. அவர்மேல் எனக்கு இருப்பது கோபமா நன்றியா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மறு அளவீட்டுக்காக அந்தப் பள்ளிக்குப் போனபோது பவித்ரா திரும்பி வந்து வகுப்பில் இருந்தாள். அவளை எதிரில் உட்காரவைத்து, பெயர் கேட்டு, முகம் பார்த்து, குத்தினேன். டேப்லெட் கருவியில் பதிவதற்கு முன்னால் எண்ணை அவளிடம் சொன்னேன்.

"ஒன்பது புள்ளி எட்டு."

"அது நல்லதா, கெட்டதா மிஸ்?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு எடுத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் யாருக்கும் எண்ணைச் சொன்னதே இல்லை. போன முறையை விட நல்லது, இன்னும் ஏற வேண்டும், மாத்திரையை நிறுத்தாதே என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன். சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. பின்னால் நின்றிருந்த பிள்ளைகள் தங்களுடையது எவ்வளவு என்று கேட்டு அவர்களாகவே விரலை நீட்டினார்கள். அன்றைக்கு யாரும் ஆள் மாறி வரவில்லை.

என்னோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். எண் யாருடையதோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள். பேராசிரியர்களுக்கு அப்புறம் அனுப்பலாம்.