படிபோயிந்தி

ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் குதித்து எழுந்தேன் பாருங்கள், அந்த நொடியில்தான் யோசனை வந்தது. மார்ச் பாதி. பள்ளியில் அரைநாள் வகுப்பு தொடங்கி இரண்டாவது நாள். இங்கே ஹைதராபாத்தில் வெயில் ஏறத் தொடங்கியதும் காலை எட்டு மணிக்கே பெல் அடித்து, பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்தால் என் கறுப்பு சீட் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. நாலு எட்டு தள்ளிப் புங்க மரத்தடியில் நின்ற இன்னொரு வண்டியின் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே நேரம், ஆனால் இரண்டு வெயில்!

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெயில் வரைபடம் போட்டால் என்ன? எங்கே எத்தனை டிகிரி, பிள்ளைகள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது. ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளி இருக்கும் நாச்சாரத்திலிருந்து வீடு வரைக்கும் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

தலைமையாசிரியை என் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். சென்னையில் கொஞ்ச காலம் இருந்தவர். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார்.

"போன மாசம் மண்புழு. இந்த மாசம் வெயிலா? உங்க உற்சாகத்தைக் கொஞ்சம் ஃப்ரிட்ஜ்ல வைங்கம்மா."

"பதினஞ்சே நிமிஷம் மேடம்."

"தொப்பி, தண்ணி, ரெண்டும் கட்டாயம்."

தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் என்று நானும் பிள்ளைகளிடம் சொன்னேன். அதைச் சொன்னேன் என்பதை இந்த மூன்று நாளில் எத்தனை முறை எனக்கு நானே நினைவூட்டிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

வியாழக்கிழமை கடைசிப் பீரியட். ஆய்வக அலமாரியிலிருந்து ஆறு தெர்மாமீட்டர். ஆறு இடம், ஆறு பிள்ளைகள். மற்றவர்கள் என்னோடு புங்க மரத்தடியில் தாளில் எண்களைக் குறிப்பார்கள். ஆறாவது இடம் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குப் பின்புறம். அங்கேதான் அதிகம் ஏறும் என்று எனக்கு நிச்சயம். மரத்தடியிலிருந்து அந்த மூலை தெரியாது. தெரியாத மூலையில் ஒரு பிள்ளையை நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் சொன்ன பேச்சு தட்டாத பெண்ணைப் பார்த்து அங்கே நிறுத்தினேன். "என் விசில் கேக்கற வரைக்கும் அசையக் கூடாது, சரியா?" என்று கைகால் ஜாடையோடு ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குத் தெலுங்கு அரைகுறை. தலையை ஆட்டினாள்.

எண்களை ஓடிவந்து சொல்ல இன்னொருத்தி. அவள் வீட்டில் தமிழ்; அப்பா ராணுவக் கணக்குப் பிரிவில் வேலை. பிறந்தது இதே ஊரில், போலாரத்தில். நான் தமிழில் பேசினால் அவள் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள். பாடம் இல்லை, எல்லோரும் வெளியே என்று நான் சொன்னதும் முதலில் கைதட்டியவள் அவள்தான்.

"ஹையா, இன்னைக்குப் படிப்பு போயிந்தி!"

போயிந்தி என்றால் போய்விட்டது. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பன்னிரண்டுக்குத் தொடங்கினோம். மரத்தடி முப்பத்தாறு. குழாயடி முப்பத்தெட்டு. சிமெண்ட் தளம் நாற்பத்து மூன்று. கொட்டகைக்குப் பின்னாலிருந்து என் தூதுப் பெண் மூச்சு வாங்க வந்தாள்.

"நாற்பத்தேழு மிஸ்!"

"இன்னும் ஏறுதா?"

"ஏறுதாம்!"

"அப்போ நிக்கச் சொல்லு. அது எங்க போய் நிக்குதுன்னு பாப்போம்."

'அது' என்று எண்ணைத்தான் சொன்னேன். நிற்கப் போவது எண் என்றே நினைத்தேன். விசில் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்ற ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். நான் தாளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். தூதுப் பெண் திரும்ப ஓடிவந்தாள்.

"மிஸ், படிபோயிந்தி!"

"போனா போகட்டும்டி, நாளைக்குத் திரும்பி வந்துரும்!" என்றேன். என்னைச் சுற்றி இருந்தவர்களில் அவளைத் தவிர என் தமிழ் புரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் நான் சிரித்ததைப் பார்த்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. எனக்கு மறுபடியும் படிப்புதான் கேட்டது. "சரி சரி, நாப்பத்தெட்டு ஆச்சா? அதைச் சொல்லு" என்றேன். என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? நிழலை விட்டு வெளியே போய், சுடுகிற சிமெண்ட் தரையில், கையைப் பரத்திக் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். ஒரு நொடி. சூடு தாங்காமல் எழுந்து என்னைப் பார்த்தாள்.

படி. தமிழில் வாசி. தெலுங்கில் விழுந்து. படிபோயிந்தி: விழுந்துவிட்டாள்.

நான் ஓடினேன் என்று சொல்வது சரியில்லை. கால்கள் ஓடின, எனக்குள்ளே எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் அவள் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். தொப்பி தலையில் இல்லை; வெயில் படாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் பாட்டில் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். பாட்டில் மூடி திறக்கவே இல்லை. அசையக் கூடாது என்றால் குடிக்கவும் கூடாது என்று நினைத்திருக்கிறாள். தெர்மாமீட்டரை மட்டும் விடவில்லை. உடையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

முகத்தைத் தொட்டேன். அந்த ஸ்கூட்டர் சீட்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் இமை அசைந்த மாதிரி இருந்தது; மறுபடி கூப்பிட்டேன். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நினைப்பு முழு வாக்கியமாகக்கூட வரவில்லை. ஆகிவிட்டால், ஆகிவிட்டால் என்று மட்டும் தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது: அப்போதுதான் விசிலை ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். அதைக் கேட்டு எங்கள் பள்ளியின் ஆயம்மா, வகுப்பறைகளைக் கூட்டிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், துடைப்பத்தோடே ஓடிவந்தார். என்னைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோனார். தன் முந்தானையைக் குழாயில் நனைத்துக் கழுத்திலும் கையிலும் ஒற்றினார். நான் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"கைக்கு ரோத்தே டீச்சர்?" என்றார். ஏன் அழுகிறாய் என்று, ஹைதராபாத் உருதுவில். நான் அழுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நக்கோ, நக்கோ" என்றார், வேண்டாம், அழாதே என்று. " விசிறு, அட்டையை எடுத்து விசிறு!"

வெயில் வரைபடத் தாளால் விசிறினேன்.

ஆட்டோவில் தலைமையாசிரியையின் மடியில் அவள் கண் திறந்தாள். முதல் கேள்வி ஆங்கிலத்தில், எனக்காக: "மிஸ், விசில்?"

மருத்துவமனையில் டிரிப் ஏற்றினார்கள். வெயில் மயக்கம்தான், சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். சரியான நேரம் என்ற சொல் எனக்குள் முள்ளாக இறங்கியது. அரை மணியில் அம்மா வந்தார். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. தலையில் போட்ட வலையைக்கூட எடுக்காமல் வந்திருந்தார். மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். காலையில் சாப்பிடாமல் ஓடினாள் என்றார், தன்மேல்தான் தப்பு என்பது போல. பிறகு என் பக்கம் திரும்பி, விழுந்ததும் பார்த்துவிட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார்.

"வெண்ட்டனே" என்றேன்.

உடனே என்று பொருள். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தெலுங்கில், பொய்யான அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமாக, உச்சரிப்புப் பிசகாமல் வந்தது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து பயம் வேறு வடிவில் இருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். போனில் பேசினேன், மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டே பேசினாள். இருந்தாலும் போன் அடித்தால் அவள் அம்மாவோ என்று முதலில் எண்ணைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தூதுப் பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் செப்பினப்போ மீரு நவ்வாரு கதா?"

நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், இல்லையா. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. ஏன் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க அவ்வளவு பயந்ததில்லை நான்.

"ஹவ்" என்றேன். ஆயம்மாவிடம் கற்ற ஆமாம். "எனக்குப் புரியலடி. நீ தரையில படுத்த பிறகுதான் புரிஞ்சது."

"கை சுட்டுச்சு மிஸ்" என்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்று ஞாயிறு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மரத்தடியில் நான் சிரித்துக் கழித்த நேரம் இரண்டு நிமிடமா, மூன்றா? அளக்கத் தெரிந்த எல்லாவற்றையும் அளந்தேன், அதைத் தவிர. இனிமேல் தெர்மாமீட்டர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவேன். எங்கள் வெயிலில் எண்கள் தனியாக நின்றுகொள்ளட்டும். தூதுப் பெண்ணிடம் தினம் ஐந்து தெலுங்குச் சொற்கள் கேட்டிருக்கிறேன். வலி, மயக்கம், பாம்பு, நெருப்பு என்று அவளே பட்டியல் போட்டிருக்கிறாள். அவற்றுக்கெல்லாம் முந்தின சொல், படிபோயிந்தி, எனக்கு ஏற்கெனவே தெரியும்.

நாளை காலை, விழுந்த பிள்ளையை அவள் அம்மாதான் பள்ளியில் விட வருகிறார். கம்பெனிக்கு ஓட வேண்டியவர். வாசலில் எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். ஒரு துண்டுத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 'படிபோயிந்தி அனி செப்பிந்தி. நாக்கு அர்த்தம் காலேது. நேனு நவ்வானு.' விழுந்துவிட்டாள் என்று சொன்னாள். எனக்குப் புரியவில்லை. நான் சிரித்தேன். காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது வாக்கியத்துக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எட்டு மணி பெல்லுக்குப் பத்து நிமிடம் முன்னால், வாசலில், தாளைப் பார்க்காமல் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.