ஈர இறக்கை

ஆர்லிஸ் ஹ்ருஸ்கா தைத்த போர்வைக்குள் புகுந்தவன் லேசில் எழுந்திருக்க மாட்டான். எங்கள் நெப்ராஸ்காவில் ஒருவன் முதல் பனிக்கு அதைப் போர்த்திப் படுத்து, சோளம் விதைக்கிற நாளில்தான் கண் விழித்தான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவன் தவறவிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையை மட்டும். அவனும் வேறு யாருமில்லை, ஆர்லிஸின் வீட்டுக்காரன் லாவர்ன். போர்வை இல்லாவிட்டாலும் பூசையைத் தவறவிடுகிற ஆள். ஆனால் அவளுடைய தையலைப் பற்றிக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அவள் ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறவள். லாரிக்குள் ஒரு கைப்பிடி ஈரத் தானியம் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று விவசாயிகள் பயப்படுவார்கள். அதே கண்ணோடுதான் துணியையும் வெட்டுவாள். அவள் ஒட்டுப்போட்டுத் தைக்கும் எட்டு முனை நட்சத்திரத்தில் எட்டும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து கூடும். கோடைதோறும் மாவட்டக் கண்காட்சிப் போர்வைப் போட்டியில் முதல் பரிசான ஊதா ரிப்பன் அவளுக்குத்தான். வரவேற்பறைச் சுவரில் அவற்றை வரிசையாக மாட்டி, இந்த ஆண்டு ரிப்பனுக்கென்று முன்கூட்டியே ஓர் ஆணியும் அடித்து வைத்திருந்தாள்.

எதிர்ப் பண்ணை மேவிஸ் கோலார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். மேவிஸ் தைத்தால் முனைகள் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. அதனாலேயே ஆர்லிஸுக்கு அவள் மேல் உயிர்.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, பிளம் வைத்த கொலாச்சி ரொட்டியோடு ஆர்லிஸ் காப்பி குடிக்கப் போனாள். மேவிஸின் தையலறைச் சுவரைப் பார்த்ததும் தட்டு அவள் கையில் சாய்ந்தது.

சாம்பலும் பழுப்புமாய்த் துணிகளைச் சுருக்கிச் சுருக்கித் தைத்த மரப்பட்டை. மேவிஸின் பொருந்தாத முனைகளெல்லாம் அதில் பட்டையின் வெடிப்புகளாகியிருந்தன. அதன்மேல் பஞ்சடைத்த பூச்சி ஓடு ஒன்று, ஆறு காலாலும் பற்றிக்கொண்டு நின்றது. முதுகில் ஒரு கிழிசல். அதற்குள்ளிருந்து வெளிறிய பச்சை உடம்பு பாதி வெளியே வந்து, பின்பக்கமாய் வளைந்து, அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"சில்வண்டு. நம்ம எல்ம் மரத்துல ஓட்டைக் கிழிச்சுக்கிட்டு வருமே, அது. இறக்கை மட்டும் பாக்கி."

"போர்வைன்னா போர்த்திக்கணும். இதைப் போர்த்திக்கிட்டா விலாவுல குத்தும்."

"சுவத்துக்குத்தானே போர்த்தறேன், அது ஒண்ணும் சொல்லல. உன் போர்வையை மட்டும் யாரு போர்த்திக்கிறா? கண்காட்சி முடியிற வரைக்கும் லாவர்ன் அந்தப் பக்கமே போகக்கூடாதே."

"மூணு அடுக்கு இருக்கா? மேல்துணி, பஞ்சு, அடித்துணி? இல்லேன்னா போட்டியில சேத்துக்க மாட்டாங்க."

"இருக்கு. பிச்சுப் பாக்கறியா?"

பார்க்க ஆசைதான். வீட்டுக்கு வந்ததும் ஆர்லிஸுக்கு வயிறு எரிந்தது. கொலாச்சியில் சர்க்கரை கூடிப்போச்சு என்றாள்.

"நீ சுட்டதுதானே?" என்றான் லாவர்ன்.

"சும்மா இரு."

அடுத்த வாரம் காப்பிக்கு முன்னதாகவே போய் நின்றாள். இப்போது இறக்கைகள் வந்திருந்தன. மெல்லிய ஆர்கன்ஸாத் துணி, அதில் பச்சை நூலால் நரம்புகள். அழகென்றால் அப்படியோர் அழகு. ஆனால் ஆணியில் மாட்டிய கைக்குட்டைபோல இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் ஆர்லிஸுக்கு மூச்சு வந்தது.

இதற்கு வைத்தியம் அவளுக்குத் தெரியும். துணியின் ஓரத்தில் மீன் தூண்டிலின் நைலான் நரம்பை வைத்து, அதன்மேல் நெருக்கமாக ஜிக்ஜாக் தையல் ஓட்டினால் இறக்கை விறைத்து நிற்கும். நுனிநாக்கு வரை வந்ததைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

மேவிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லு. தொங்குற மாதிரி இருக்கா?"

"தொங்குதா? நல்லாக் கேட்ட போ. கம்பீரமா நிக்குது."

"அப்படியா?" என்றாள் மேவிஸ். அவள் முகம் கொஞ்சம் வாடியதுபோல் இருந்தது. பாராட்டைக் கேட்டுப் பழகாதவள், அதுதான் என்று ஆர்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

கண்காட்சியில் ஊர்க்காரர்கள் முன்னிலையில் நடுவர் குறை நிறைகளை உரக்கவே சொல்வார். தைத்தவள் கூட்டத்தில் இருந்தாலும் இது என்னுடையது என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. ஆர்லிஸும் மேவிஸும் பக்கத்துப் பக்கத்து மடக்கு நாற்காலிகளில், பாதிரியார் பிரசங்கத்தைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைக் கையுறை போட்ட இருவர் ஆர்லிஸின் நட்சத்திரப் போர்வையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"முனையெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. குறை சொல்ல முடியாது," என்றார் நடுவரம்மா. அதற்குமேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. மடித்து வைத்தார்கள்.

அடுத்து சில்வண்டு. நடுவர் குனிந்து மெதுவாக ஊதினார். இறக்கைகள் நடுங்கின.

"இறக்கை தொங்குது," என்றார்.

சிரிப்பு வந்துவிடாமல் ஆர்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தைச்சவங்க இந்தப் பூச்சி வெளிய வர்றதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்காங்க. ஓட்டை விட்டு வந்த உடனே இறக்கை ஈரத்துணி மாதிரி இப்படித்தான் தொங்கும். நிமித்தி நிறுத்தியிருந்தாங்கன்னா நான் ஒரு படி கீழதான் வச்சிருப்பேன்."

ஊதா ரிப்பன் மரப்பட்டைமேல் ஏறியது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்ற வழக்கம் இத்தனை ஆண்டுகளில் அன்றைக்குத்தான் ஆர்லிஸுக்கு உதவியது.

வெளியே எலுமிச்சைச் சாற்றுக் கடை நிழலில் லாவர்ன் கேட்டான்: "அந்த ஆணியில காலண்டர் மாட்டிக்கலாமா?"

ஆர்லிஸ் தன் சாற்றுக் கோப்பையை அவன் கையில் திணித்தாள். மேவிஸ் பக்கம் திரும்பினாள். ரிப்பன்தான் போயிற்று, அது வந்த வழியிலாவது தனக்குப் பங்கு வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

"ரொம்பத் துள்ளாதே. தூண்டில் நரம்பு வச்சுத் தைச்சா இறக்கை நிக்கும்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. திறந்திருந்தா இன்னைக்கு உனக்கு ரிப்பன் ஏது? அது நான் போட்ட பிச்சை."

மேவிஸ் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"நரம்பு வச்சுத்தாண்டி முதல்லயே தைச்சேன். என் வீட்டுக்காரரோட தூண்டில் பெட்டி எதுக்கு இருக்கு? பொம்மை மாதிரி நின்னுச்சு, பிடிக்கல. உருவிட்டேன். அப்பவும் சரியாத் தொங்குதான்னு சந்தேகமாவே இருந்துச்சு, அதான் உன்னைக் கேட்டேன். நீ கம்பீரமா நிக்குதுன்ன. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், இன்னும் தொங்கல போலன்னு, அன்னிக்கே தண்ணி தெளிச்சு நல்லாக் கசக்கி விட்டேன்."