முழுகினேனா, முழுகாமல் இருந்தேனா?

போன வருடம் பங்குனி மாதம். திண்டுக்கல்லில் எங்கள் வாடகை வீட்டில் என் மகன் குப்புற விழுந்து தலை தூக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஐந்து மாதப் பிள்ளை. என் பாலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ராத்திரியெல்லாம் இந்தச் சின்ன ஐயாவுக்குப் பால் பந்தி நடந்துகொண்டே இருக்கும். உதவிக்கு நெய்க்காரப்பட்டியிலிருந்து மாமியார் வந்திருந்தார்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மாதவிலக்கு வந்திருக்கவில்லை. மாமியார் அதைத் தன் மகளிடம் போனில், "அவ இன்னும் முழுகல கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். விலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்வதைத்தான் முழுகுவது என்போம். ஆனால் 'முழுகாம இருக்கா' என்றால் கர்ப்பம்! மில்லில் வேலை செய்யும் என் நாத்தனார் காதில், மெஷின் சத்தத்தில், இரண்டாவதுதான் விழுந்தது.

மறுநாள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். ஒரு கையில் சாத்துக்குடி, மறு கையில் வேப்பிலைக் கொத்து.

"வயித்துல ஒண்ணு இருக்கையில பால் குடுத்தா பிள்ளைக்கு ஆகாது. இன்னைக்கே மறக்கடிச்சிரு" என்றபடி நேராக மிக்ஸியிடம் போனார். மார்பில் கசப்பைத் தடவினால் பிள்ளை தானாகப் பாலை மறந்துவிடும் என்பது அவர் கணக்கு.

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முழுகலன்னுதானடி சொன்னேன்!" என்றார் மாமியார்.

"முழுகறதுக்கு முந்தியே அடுத்தது உண்டானவங்க இல்லையாம்மா?" என்று திருப்பிக் கேட்டார் நாத்தனார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் அப்படித்தானோ? மடியில் கிடந்தவன் என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தான். இவனுக்கு எப்படிப் பாலை நிறுத்துவேன்? நான் அழுதுவிட்டேன். நாத்தனார் அரைத்த வேப்பிலையை மாமியார் அப்படியே தொட்டியில் கொட்டினார்.

"டாக்டரம்மா சொல்லட்டும். அதுவரைக்கும் எம்பேரன் வாயில கசப்பு படக்கூடாது."

மூன்று பேரும் பிள்ளையோடு ஆட்டோவில் போனோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பம் இல்லை என்றார். போன உயிர் திரும்பி வந்தது. இரவும் பகலும் பால் மட்டுமே கொடுப்பதால் விலக்கு தள்ளிப்போகிறது, பிள்ளை கூழும் சோறும் தின்று பால் குடிப்பது குறையும்போது வரும், ஆளுக்கு ஆள் மாறும் என்றார். நாத்தனார் சொன்னதும் பொய்யில்லை, விலக்கு வருமுன்பே கர்ப்பம் தரிக்கலாம், கவனமாக இருங்கள் என்றும் எச்சரித்தார். அப்படியே உண்டானாலும் உடனே பாலை நிறுத்த வேண்டும் என்பதில்லையாம்.

கிளம்பும்போது நாத்தனார் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எனக்கு ரெண்டாம் மாசமே வந்துருச்சுங்க. பால் இல்லாத உடம்புன்னு எல்லாரும் சொன்னாங்க. நெசந்தானுங்களா?"

பல வருடங்களுக்கு முன், பிரசவமான கையோடு மில்லுக்குப் போய், பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுத்தவர் அவர். பால் கொடுப்பது குறைந்தால் விலக்கு சீக்கிரம் வருவது இயல்பு, முழுக்கக் கொடுத்தும் சீக்கிரம் வருகிறவர்கள் உண்டு, அது உங்கள் குற்றமே இல்லை என்றார் டாக்டர். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை கீழே விடவில்லை.

மகன் கேழ்வரகுக் கூழுக்குப் பழகி, இரவில் தூங்கவும் தொடங்கிய பிறகு ஒருநாள் எனக்கு விலக்கு வந்தது. முடிந்து தலைக்கு ஊற்றிய கையோடு முதலில் நாத்தனாருக்குத்தான் போன் செய்தேன்.

"மதினி, முழுகிட்டேன்."

"செத்த இரு, வெளிய வந்துக்கறேன். இந்தத் தடவை சரியாக் கேட்டுக்கணும்" என்றார்.

ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு ஓடி வந்தவர்தான். ஆனால் அவர் அன்று அப்படி ஓடி வந்திருக்காவிட்டால், அத்தனை வருடமாக அவர் நெஞ்சில் கிடந்த கசப்பு எங்கள் யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.