தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

என் கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள், அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் என் தம்பியின் கட்டைவிரல். கப்பலுக்குப் பெயிண்ட் அடித்த விரல். நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியிருக்கிறது. அவன் முகம் தெரிகிற படங்கள் எத்தனையோ இருக்க, நான் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். பார்த்தால் அழுகை வருவதில்லை. ஒன்றுமே வருவதில்லை.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. கல்லலில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கண்மாய்தான், அதிலும் பாதி வருடம் ஆடு மேயும். அங்கிருந்து ஒருத்தன் கப்பலுக்குப் போனது தெருவுக்கே வேடிக்கை. ஊருணியில் படியைப் பிடித்துக்கொண்டு நீந்தியவனுக்குக் கடல் கேட்கிறதா என்று கேலி செய்வேன். கப்பலில் யாரும் நீந்தச் சொல்வதில்லை, துருவைச் சுரண்டத்தான் சொல்கிறார்கள் என்பான். விடுமுறைக்கு வந்தவன் சும்மா இராமல் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டையும் சுரண்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான். அம்மா போன பிறகு எதையும் என்னிடம்தான் கேட்பான்.

அப்பா கொத்தனார். மேஸ்திரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவர். ஏன், எதற்கு என்று கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். எல்லாரும் போடுகிறார்களா, அப்படியானால் நாமும் போடலாம். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம்.

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் அன்று ஆடித் தள்ளுபடிக் கூட்டம். தம்பி அந்தப் படத்தை அனுப்பிவிட்டு அழைத்தான். சண்டை நடக்கிற கடல் வழியாகக் கப்பல் போகப்போகிறது, சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றான். பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. "போடவாக்கா?" என்று மட்டும் கேட்டான். என் கையில் பாதி விரித்த புடவை, எதிரே விலை கேட்டபடி ஓர் அம்மா.

"எல்லாரும் போட்டா நீயும் போட்டுர்றா."

சரிக்கா என்றான். அதுதான் அவன் கடைசியாக என்னிடம் பேசியது.

ஒன்பதாம் நாள் அந்தக் கப்பலில் ஏவுகணை விழுந்தது. மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்று பேரைக் காணவில்லை. தம்பி அதில் ஒருவன். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் துக்கம் விசாரிப்பதா, தைரியம் சொல்வதா என்று தெரியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரமே நான் கடைக்குப் போய்ப் புடவை விரித்தேன். அவனுக்கு நான் சொன்ன பதிலை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் கப்பல் கம்பெனியிலிருந்து ஒருவர் தாள்களோடு வீட்டுக்கு வந்தார். தம்பி இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டு அப்பா கையெழுத்துப் போட வேண்டும். மற்ற இரண்டு குடும்பங்களும் போட்டுவிட்டதாக வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நான் படித்துச் சொன்னேன். அப்பா பேனாவை வாங்கினார். தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மத்த வீட்டுல எல்லாரும் போட்டுட்டாகளா ஆத்தா?"

கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் வந்த மனிதர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான் என்றேன்.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா. பிறகு பேனாவை மூடி அந்த மனிதரிடமே நீட்டினார். இன்றைக்கு வேண்டாம் என்று அவர் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பெனிக்காரர் போன பிறகு அப்பா கைபேசியை மறுபடி கேட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. விரலை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சிருந்தா இந்தச் சிவப்பு போயிருக்குமே" என்றார்.