மெதுவான ஈரல்

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க பாய்" என்றாள் திலகவதி. மளிகைக்கடை ஷரீப் துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் அவருடைய கண்ணின் வெள்ளையைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "நல்லாத்தான் கீறேன் டீச்சர். நீங்க பாத்துப் பாத்தே எனக்கு மஞ்சக்காமாலை வந்துடும் போல" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பால்காரர், ஆட்டோக்காரர், கல்லூரி மாணவிகள் என்று யாரிடம் பேசினாலும் அவள் பார்வை முதலில் அங்கேதான் போகும். புதிதாகப் பழகுகிறவர்கள், முறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வயது முப்பத்தேழு. வடலூர் போகிற வழியில் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அம்மா செந்தாமரைக்குச் சுரங்கக் கம்பெனி கேன்டீனில் பர்மனென்ட் வேலை என்பதால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. அம்மா, தம்பி மனைவி பவித்ரா, பவித்ராவின் சின்ன மகள், இவள். அந்தத் தெருவுக்கே இவள் 'எலி டீச்சர்'. சமையல்கட்டில் எலி புகுந்தால் கூப்பிட்டு யோசனை கேட்பார்கள். "கூண்டு வைங்க. விஷம் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். எலி பிடிக்கத் தெரிந்தவள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் எட்டு வருஷம் எலி வளர்த்தவள். எலியின் ஈரல் ஒரு மருந்தை உடைக்கிற விதம் வேறு, மனிதனின் ஈரல் உடைக்கிற விதம் வேறு. அதனால் எலியிடமிருந்து அதற்கான மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்து வளர்ப்பார்கள். மனிதர்களிலும் எல்லா ஈரலும் ஒன்றல்ல. சிலருடையது மருந்தை வேகமாக உடைக்கும், சிலருடையது மெதுவாக. அவளிடம் இரண்டு வகை எலிகளும் இருந்தன. காசநோய்க்குத் தருகிற ஒரு மருந்தை இரண்டுக்கும் ஒரே அளவில் கொடுத்தால், மெதுவான மரபணு வைத்தவற்றின் ரத்தத்தில் அது நெடுநேரம் தங்கிவிடும், ஈரலையே கெடுத்துவிடவும் கூடும். எந்த எலி எந்த வகை என்று வால் நுனியைக் கிள்ளிச் சோதித்துப் பார்க்காமல் ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுக்க மாட்டார்கள்.

அந்த எலிகள் இருந்தது குளிரூட்டிய அறையில். காற்றை வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். தம்பி அருண்ராஜ் போனில் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் கேட்டான்: "ஒன் எலிங்கெல்லாம் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டாக்கா?"

"கான்ட்ராக்ட்தான்டா. ப்ராஜெக்ட் முடிஞ்சா கூண்டுக்குள்ள விஷ கேஸைத் தொறந்து வுட்டு முடிச்சிடுவோம்."

"அப்ப நம்ம ஆளுங்கதான்" என்றான்.

அவனும் கான்ட்ராக்ட். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை வாருகிற வேலை. இருமல் நிற்கவில்லை என்று போனபோது காசநோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தது. திலகவதி வாரம் தவறாமல் பேசினாள். பேசும்போதெல்லாம் ஒன்றையே சொன்னாள்: "ஒரு நாள்கூட வுடாம போடுடா." சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவன் சொன்னபோதும் அதையேதான் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண் மஞ்சளானபோது மைன்ஸ் சூடு என்று நினைத்தான். கீழாநெல்லி அரைத்துக் குடித்தான். ஷிப்டுக்குப் போகாவிட்டால் இடத்தில் வேறு ஆள் வந்துவிடும் என்று போய்க்கொண்டே இருந்தான். அக்கா சொன்னபடி ஒரு நாளும் விடாமல் மாத்திரையும் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஈரல் முக்கால்வாசி போயிருந்தது. இறந்துவிட்டான் என்று செய்தி வந்தபோது திலகவதி எலிகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

காரியம் முடித்துத் திரும்பிப் போனவள் தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தாள். மெதுவான வகை. அது அபூர்வம் ஒன்றும் இல்லை, நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். தம்பிக்கும் அதுவே இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. கெடுத்தது எந்த மாத்திரை என்றும் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ப்ராஜெக்ட் முடிந்தது. எலிகளை முடித்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் மூன்றாவதாக வந்தது. அவள் ஊருக்கு வந்துவிட்டாள்.

இந்த ஆடியில் பவித்ரா இரும ஆரம்பித்தாள். சளிப் பரிசோதனையில் அதே நோய். மாத்திரை வாங்கி வந்தார்கள். அவள் தொடவில்லை.

திலகவதி பழைய ஆய்வகத்தின் தலைவர் ஹரிக்குப் போன் செய்தாள். பவித்ராவின் ரத்தத்தை அனுப்பினால் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். "இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான் திலகவதி. நோயாளிக்குப் பண்ண எங்களுக்கு அனுமதி இல்ல, தெரியுமே" என்றார் அவர். தெரியும். எலிக்கென்றால் காலையில் வாலைக் கிள்ளிச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்கள் என்பதும் தெரியும். போனை வைத்தாள்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பவித்ராவின் முன்னால் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்தாள்.

"அதே மாத்திரதான?" என்றாள் பவித்ரா.

"அதேதான்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அவர கொன்னுது. இப்ப என்னையுமா? எம் பொண்ணுக்கு நான் ஒருத்திதான் மிச்சம் அண்ணி."

"போடலன்னா அந்த ஒருத்தியும் இருக்க மாட்ட. எல்லாருக்கும் இது அப்படிப் பண்ணாது பவித்ரா. எத்தனையோ பேர இதுதான் காப்பாத்திக்கினு இருக்குது. வாரா வாரம் ஈரலுக்கு ரத்தம் குடுத்துப் பாத்துடலாம். கொஞ்சம் ஏறினாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடலாம்."

"அவருக்கு ஏன் பாக்கல?"

திலகவதி மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"எலிக்கெல்லாம் பாத்தீங்க. கூடப் பொறந்தவருக்குப் பாக்கல. ஒரு நாள்கூட வுடாதடான்னு நீங்கதான் சொன்னீங்க. அவரு வாந்தி எடுத்துக்கினே போட்டாரு. அக்கா சொல்லிச்சி, அக்கா படிச்சதுன்னு சொல்லிக்கினே போட்டாரு."

"தப்புதான்" என்றாள் திலகவதி. "சாப்பாடு புடிக்கலன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்கு நீ என்னை என்ன வேணா பேசு. மாத்திரைய மட்டும் போடு."

உள்ளே செந்தாமரை பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுபோயிருந்தது. பவித்ராவுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருமினாள். ஓய்ந்ததும், திலகவதியின் உள்ளங்கையிலிருந்து மாத்திரைகளைத் தன் விரல் அவள் மேல் படாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். திலகவதி டம்ளரை நீட்டினாள். பவித்ரா அதை வாங்கவில்லை. எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். குனிந்து, ஒரு கையை ஏந்தித் தண்ணீர் பிடித்து, மாத்திரைகளை விழுங்கினாள்.