சத்தமில்லாமல் இறங்கிய பைக்

இலங்கையில் நாங்கள் நாள் கணக்கில் பெட்ரோல் வரிசையில் நின்ற காலம் ஒருவழியாக முடிந்து, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு பண்டாரவளையில். போக வர பைக்தான். பிரதான வீதியிலிருந்து பிரிந்து தேயிலை மலைக்குள் ஐந்து கிலோமீட்டர் ஏறினால் பள்ளிக்கூடம் வரும். காலையில் பைக் முக்கி முனகி ஏறும். திரும்பும்போது அந்த ஐந்து கிலோமீட்டரும் பெரும்பாலும் இறக்கம்.

பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பைக் வைத்திருந்த எல்லோரும் ஒரு வித்தை பழகியிருந்தோம். பள்ளிக்கூட வாசலிலேயே நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, பைக்கை இறக்கத்தில் உருட்டிவிடுவது. ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் கீழே போய்ச் சேர்ந்துவிடலாம். அன்றைக்கு அது தேவையாக இருந்தது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூச்சப்பட வேண்டியது பிறகு நடந்தது. தட்டுப்பாடு தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. அது எங்களுக்குள் மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. ‘நேற்று முனியாண்டி கோயில் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாமலே போனேன்’ என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற நண்பர் சொன்னால், ‘நான் சந்தி வரைக்கும்’ என்று மறுநாள் நான் சொல்வேன். வழியில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால், அடுத்து வரும் சின்ன ஏற்றத்தில் பைக் நின்றுவிடும். அதனால் பிரேக்கை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரன் என்று எங்களுக்கு நாங்களே பட்டம் கொடுத்துக்கொண்டோம். முப்பத்தெட்டு வயது எனக்கு அப்போது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

ஹெல்மெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரதான வீதியில் பொலிஸ் நிற்கும், அங்கே தலையில் இருக்கும். தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்வேன். தோட்டத்து ரோட்டில் என்ன இருக்கிறது, நாலு வளைவும் தேயிலையும்தானே! என் மனைவி கேட்டால், “என் தலைதானே, நான் பார்த்துக்கிறேன்” என்பேன். எல்லா ஆபத்தும் எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன் என்பதற்கு அந்த ஒரு பதிலே போதும்.

அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பின்னேர வகுப்பு வைத்திருந்தேன். வழக்கமாக இரண்டு மணிக்கு முன்னால் இறங்கிவிடுகிறவன், அன்று கிளம்பும்போது நாலரை. லேசான தூறல். பின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லி மூன்று வாரமாகியிருந்தது. மாற்றலாம், என்ன அவசரம் என்று விட்டிருந்தேன். வழக்கம்போல வாசலில் எஞ்சினை நிறுத்தினேன். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான். உண்மையைச் சொன்னால், அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது கிலோமீட்டர் தாண்டி ஒரு செங்குத்தான இறக்கம். அங்கே பிரேக்கை மிதித்தேன். மிதி அடிவரை போனது, பைக் பிடிக்கவில்லை. எஞ்சின் ஓடாத இறக்கத்தில் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் கட்டைதான் தாங்குகிறது, தேய்ந்த கட்டை சூடாகிப் பிடியை விட்டுவிடும் என்பதெல்லாம் பிறகு மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது மட்டும்தான். முன் பிரேக்கை அழுத்தினேன். ஈர மணலில் முன் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது, பயந்து விட்டுவிட்டேன். கியரைப் போடலாம் என்று மிதித்தால், அந்த வேகத்தில் அது விழவே இல்லை.

வளைவு திரும்பினேன். ரோட்டை அடைத்துக்கொண்டு இருபது பெண்கள்.

சாயந்தரத்தில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடம் அது. ரோட்டோரத்தில் இரும்புக் காலில் தராசு தொங்கும். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சாக்குகளை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். இத்தனை வருஷமாக அந்த வழியில் போகிறவன், இரண்டு மணிக்கு அங்கே ஈ காக்கை இருக்காது என்பதை வைத்து, அது எப்போதுமே காலியான ரோடு என்று முடிவு கட்டியிருந்தேன். எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தராசைப் பார்த்தபடி நின்றார்கள். வண்டிச் சத்தம் கேட்டால்தானே திரும்புவார்கள்!

ஹார்னை அழுத்தினேன். வரவில்லை. சாவியைத் திருப்பி வைத்தவனுக்கு ஹார்ன் எப்படி வரும்? அந்த ஒரு வினாடியில், யாரையோ கொல்லப்போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அந்த வினாடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“வெலகுங்க! பிரேக் இல்ல! வெலகுங்க!”

தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் அலறிக்கொண்டு இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான அக்கா ஒருவர். ஓரத்தில் இருந்த தன்னுடைய கொழுந்துச் சாக்கை இரண்டு கையாலும் இழுத்து, நான் வந்த மேட்டுப் பக்கமாக ரோட்டில் தள்ளினார். பக்கத்திலிருந்த இன்னொரு சாக்கையும் காலால் உதைத்து உருட்டிவிட்டார்.

“சாக்குல விடுங்க! சாக்குல விடுங்க!” என்று கத்தினார்.

விட்டேன். பைக் முதல் சாக்கில் ஏறிச் சாய்ந்தது, நான் அதற்கு மேலால் பறந்து இரண்டாவது சாக்கில் முகம் குப்புற விழுந்தேன். கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு முறிந்தது. தாடையில் ஒரு கிழிசல். வாய் நிறையக் கொழுந்து. ஹெல்மெட் எங்கேயோ உருண்டு போயிருந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என் தலை மோதியிருக்க வேண்டிய கல்லை, பிறகு தூக்கி உட்கார வைத்தபோதுதான் பார்த்தேன்.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ தலைத் துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும். பாதிப் பேருடைய பிள்ளைகள் என் வகுப்பில். அந்த வாரம் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு பற்றி அரை மணி நேரம் பேசியவனும் நானேதான். அந்த நினைப்பு வந்தபோது கை வலியைவிட முகம்தான் எரிந்தது.

சாக்கைத் தள்ளிய அக்கா என் முன்னால் வந்து நின்றார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏன் சார் இப்பிடி சத்தமே இல்லாம வாறீங்க? பாம்புகூட சலசலன்னுதான் சார் போகும்!”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவருக்கு வந்திருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “மன்னிச்சிருங்க அக்கா” என்றேன்.

தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தார். பைக்கிலிருந்து ஒழுகிய எண்ணெயும் ரோட்டு மணலும் கலந்து, கொழுந்து கசங்கிக் கிடந்தது. “இத பேக்டரில எடுக்க மாட்டாங்கம்மா. நான் என்ன செய்ய?” என்றார், அவருக்கும் சங்கடம்தான். குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு முழுப் பேர் விழாது, அரை நாள் சம்பளம்தான். மத்தியானத்திலிருந்து மழையில் நின்று எடுத்த கொழுந்து. நான் ஒரு கையால் சட்டைப் பையைத் தடவினேன். அந்த அக்கா பார்த்துவிட்டார்.

“காசெல்லாம் வேணாம் சார். இனிமே சத்தத்தோட வாங்க. அது போதும்.”

பிறகு நடந்ததை யாரும் யாருக்கும் சொல்லி நடந்ததாகத் தெரியவில்லை. வரிசையில் முன்னால் நின்ற பெண் தன் சாக்கைத் திறந்து இரண்டு கை நிறையக் கொழுந்தை அள்ளி, கெட்டதைக் கொட்டி வெறுமையாகிவிட்ட அந்த அக்காவின் சாக்கில் போட்டார். அடுத்தவரும் போட்டார். ஒவ்வொருவராக வந்து, தங்கள் பங்கிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, பேசாமல் தராசுக்குப் போனார்கள். உதைபட்ட இரண்டாவது சாக்கிலும் பாதி வீணாகியிருந்தது, அதுவும் அப்படியே நிரம்பியது. கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றார். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். என் ஒருவனுடைய வீம்புக்கு இருபது பேருடைய சாக்கில் கொழுந்து குறைந்தது.

கொழுந்து லொறியில் என்னைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஆட்டோவில் பதுளை ஆஸ்பத்திரி. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டு அவிழ்த்த பிறகு முதல் வேலையாக பஸ்ஸில் போய் இறங்கி, அந்த இறக்கத்தை நடந்தே ஏறினேன். பைக்கில் எத்தனையோ நூறு தடவை போன வழி. நடந்தபோதுதான் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதைகள் மட்டும் பதினொன்று எண்ணினேன். ஒவ்வொன்றிலும் தலையில் பாரத்தோடு யாராவது இறங்கக்கூடும். பாரம் சுமக்கிறவர்களால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, காதுதான் அவர்களுக்குக் கண். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷமும் ஒரு கை எலும்பும் தேவைப்பட்டிருக்கிறது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் அந்த அக்கா இருந்தார். கொண்டுபோன பழப் பையைக் கொடுத்து, கொஞ்சம் நாடகத்தனமாகவே, “என் உயிரக் காப்பாத்துனது நீங்கதான் அக்கா” என்றேன். அவர் பையை வாங்கிக் கீழே வைத்தார்.

“பொய் சொல்லக் கூடாதுங்க சார். உங்களக் காப்பாத்தணும்னு நெனச்சு நான் போடல. அந்தா நிக்கிது பாருங்க, அது என் தங்கச்சி. அன்னைக்கு உங்களுக்கு நேர் எதிர்ல நின்னுச்சு. நீங்க கத்துனதும் எல்லாரும் ஓடுனாங்க, அது மட்டும் அப்பிடியே மரமா நின்னுருச்சு. அது மேல வந்துருவீங்கன்னுதான் சாக்கப் போட்டேன்.”

ஆறு வாரமாக, படுக்கையில் கிடந்து, நான் தப்பிய கதையைத்தான் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் இந்தப் பெண் இல்லவே இல்லை. அவரை நான் பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை. என் தலை, என் உயிர் என்று கணக்குப் பார்த்தவனுக்கு, எதிரில் நின்ற ஒரு தலை கண்ணிலேயே படவில்லை.

தங்கச்சி சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் நின்று என்னைப் பார்த்தார்.

“கை சரியாயிருச்சாங்க சார்?”

“சரியாயிருச்சும்மா” என்றேன்.

இப்போது பள்ளிக்கூட வாசலிலேயே ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குகிறேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன் அடிக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் ‘ஊர்வலம் வருது’ என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். விஞ்ஞான நண்பர் மட்டும் கேலி செய்வதில்லை. அவரும் இப்போது எஞ்சினை நிறுத்துவதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் என் ஹார்ன் கேட்டுத் திரும்பி, சிரித்துக்கொண்டே ஓரம் ஒதுங்குவார்கள். அக்கா கையை ஆட்டுவார், தங்கச்சியும் ஆட்டுவார். அந்த இரண்டாவது கையைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும், என் உயிர் பிழைத்ததைவிட, ஒருவரைக் கொன்றவனாக இல்லாமல் நான் வீட்டுக்குப் போய்ச் சேருகிறேனே என்பதற்குத்தான் அந்த அக்காவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.