மேலே ஆள் இல்லை

மாட்டுங்காவில் கிளினிக் வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு சாயங்காலம், எங்கள் சந்தில் எல்லாக் கதவுகளிலும் நீலப் பெயிண்டில் எண் எழுதியிருந்தது. கீழே என் கணவரின் அண்ணன், என் பெரியத்தான், பை தைக்கும் கார்கானா வைத்திருக்கிறார். அந்தக் கதவிலும் இருந்தது. ஏணியில் ஏறி மேலே வந்து எங்கள் கதவைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டுக் கதவின் பின்பக்கத்தையும் பார்த்தேன். பின்பக்கத்தில் யார் எழுதப்போகிறார்கள்? இருந்தாலும் பார்த்தேன்.

தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வாயில் தேன். ஒவ்வொரு வீட்டையும் அளந்து, படம் பிடித்து, எண் போட்டுவிட்டுப் போனார்கள். பழைய காகிதங்களோடு கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்றார்கள். எங்களைப்போல மாளாவில், அதாவது மேல்தளத்தில், இருப்பவர்களுக்கு வெளியே எங்கேயோ, மாதாமாதம் கட்டிக் கழிக்கும் வீடாம். கணக்கிலேயே வராதவர்களுக்கு எங்கேயும் இல்லை. எண் இல்லாத கதவுக்குப் பின்னால் நானும் என் கணவரும் மகளும் இருந்தோம்.

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைக்கிறவள் நான். எங்கள் சந்துக் கமிட்டி ஆள் 'கவலைப்படாதீங்க' என்று சொன்ன அன்றிலிருந்துதான் கவலைப்படவே ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சாயங்காலம் வந்த சந்தேகம் அப்படிப்பட்டதல்ல. அது நேராகக் கீழே போய், கார்கானாவில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர்மேல் ஏறிக்கொண்டது.

எதிர்வீட்டு அக்காதான் வித்திட்டாள். மத்தியானம் சர்வேக்காரர்கள் வந்தபோது அவள் உள்ளே குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாளாம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்களாம். 'ஒங்க ஏணியக் காணல, அதான் நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்' என்றாள்.

ஏணியைக் காணோம் என்றால் எங்கள் சந்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இங்கே மாளாக்கள் எல்லாம் அனுமதி வாங்காமல் ஏற்றியவை. முனிசிபாலிட்டி வண்டி முக்கில் திரும்பியதுமே 'காடி, காடி' என்று ஒரு குரல் வரும். உடனே கீழே இருப்பவர்கள் ஏணியைத் தூக்கி உள்ளே போட்டுக்கொள்வார்கள். மேலே இருப்பவர்கள் ஃபேனை நிறுத்தி, குக்கரை இறக்கி, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதிகாரி அண்ணாந்து பார்த்துக் கேட்டால் 'மேலே ஆள் இல்லை, சரக்குதான்' என்பதே பதில். எத்தனையோ வருடமாக எங்கள் கூரையைக் காப்பாற்றியது அந்த ஒரு பொய்தான்.

ஆனால் இந்த முறை வந்தவர்கள் இடிக்க வரவில்லை, எண்ண வந்திருந்தார்கள். அது கார்கானாவில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊர்ப்பேச்சு கேட்கிற என் பெரியத்தானுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏணியை எடுத்தார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாளாவில் ஆள் இல்லை என்று எழுதினால் அது அவருடைய சரக்கறை. சரக்கறையும் சேர்ந்தால் அவருக்குக் கிடைக்கும் கடை பெரிதாகும். நான் பத்தாம் வகுப்புதான். இந்தக் கணக்குக்கு அது போதும்.

என் கணவரிடம் கேட்டேன். ஐரோலியில் ஒரு கம்பெனியில் அவருக்கு இரவுக் காவல் வேலை. பகலில் தூங்குவார், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நல்ல தூக்கம், ஒன்றுமே கேட்கவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நம்பினேன். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அவருடைய தூக்கம்.

பிறகு கீழே போய்ப் பெரியத்தானிடம் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"நான் எடுக்கலம்மா."

"பெறகு யாரு எடுத்தா?"

அவர் நூலைப் பல்லால் கடித்தார். என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. முகத்தைப் பார்க்காத மனிதரை எப்படி நம்புவது?

அந்த மழைக்காலம் முழுவதும் நான் அவரைக் காவல் காத்தேன் என்றே சொல்லவேண்டும். கார்கானாவுக்குப் புது ஆள் யார் வந்தாலும் ஏணிப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு நாள் கமிட்டி ஆள் அவரோடு டீ குடித்தார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு நாள் அவர் நாடாவை வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். பைக்குத் துணி அளந்திருக்கலாம். எங்கள் மாளாவைத்தான் அளக்கிறார் என்று எனக்குப் பட்டது. மீன்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கீழே போகும் வழக்கத்தை நிறுத்தினேன். பெண்டாட்டியை இழந்து தனியாகப் பொங்கித் தின்கிற மனிதர், அது தெரிந்தேதான் நிறுத்தினேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கார்கானாவுக்குள் ஓடித் துண்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை தைக்கிற என் மகளைக் கீழே போகக் கூடாது என்று அடக்கினேன். அவள் அழுதாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

என் கணவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தூங்கப் போவார், வேலைக்குப் போவார். அண்ணனைப் பற்றி நான் பொரிந்து தள்ளும்போது மட்டும் குளிக்கப் போய்விடுவார்.

ஆட்சேபம் கொடுத்தால் விசாரிப்பார்கள் என்று கிளினிக்குக்கு வந்த ஒருவர் சொன்னார். கொடுத்தேன். கூப்பிட்ட அன்று நாங்கள் இருவரும் போனோம். கட்டடத்துக்குப் பொறுப்பானவர் என்று பெரியத்தானையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் எங்களுக்குப் பின்னால் ஒரு கை தூரம் விட்டு நடந்து வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'சரக்குதான்' என்ற ஒரு சொல் போதும், என் மகளுக்கு இந்த ஊரில் கூரை இல்லாமல் ஆக்க.

அதிகாரி ஒரு மராத்திப் பெண்மணி. எங்கள் காகிதங்களை எல்லாம் புரட்டினார். எல்லாவற்றிலும் கீழ்வீட்டு முகவரிதான் இருக்கிறது, நீங்கள் மேலே தனியாக வசித்ததற்கு இது போதாது என்றார். சர்வே அன்று எடுத்த வீடியோ இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்குச் சந்தோஷம். இப்போது குட்டு வெளிப்படும் என்று பெரியத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் எங்கள் சந்து. கார்கானா வாசலில் பெரியத்தான் நிற்கிறார். மேலே யார் இருக்கிறார்கள் என்று இந்தியில் ஒரு குரல் கேட்கிறது. என் தம்பி குடும்பம், பெண்டாட்டி வேலைக்குப் போயிருக்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில், தம்பி தூங்குகிறான் என்று அவர் தெளிவாகச் சொல்கிறார். பிறகு அண்ணாந்து கூப்பிடுகிறார்.

"ஏல தம்பி, ஏந்திரில. சர்வேக்கு வந்திருக்காவ, எறங்கி வா."

ஏணி அசைகிறது. கீழே யாரும் அதைத் தொடவில்லை. மேலே கதவு கொஞ்சம் திறந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்து ஏணியின் தலையைப் பிடித்துச் சரசரவென்று உள்ளே இழுக்கிறது. கதவு சாத்திக்கொள்கிறது. பெரியத்தான் வாயைத் திறந்தபடி நிற்கிறார். சிரிப்புச் சத்தம் கேட்கிறது, பிறகு ஒரு குரல், 'மேலே யாரும் வசிக்கவில்லை என்று போடு' என்கிறது.

அதிகாரி நிறுத்தினார். அண்ணனுடைய வாய்ச்சொல் மட்டும் போதாது, கார்கானாக்களில் வேலையாட்கள் மேலே படுத்துக்கொள்வது வழக்கம், இந்தக் கை அப்படி ஒரு வேலையாளுடையதாக இருக்கலாம், குடும்பம் இருந்ததற்கு இது சாட்சி இல்லை என்றார்.

இன்னொரு தடவை போடுங்கள் என்றேன். கை வெளியே வந்ததும் நிறுத்தச் சொன்னேன். சுண்டுவிரல் நகத்தில் சிவப்பு. அவர் பகலில் தூங்கும்போது மகள் செய்கிற வேலை. விடுமுறை நாளில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு நகத்துக்குச் சாயம் பூசிவிடுவாள். அவரும் அழிக்க மாட்டார். அதோடுதான் ஐரோலிக்குக் காவலுக்குப் போவார்.

என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார்.

"கைய எடுத்து மேசைல வைங்க" என்றேன்.

வைத்தார். அன்று பச்சை நிறம், பாதி உரிந்திருந்தது. அதிகாரி திரையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை வயசு மகள் என்று கேட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேலே குடும்பம் வசிக்கிறது என்று பதிந்துகொண்டார். எங்களைக் கெடுத்த கையே எங்களுக்குச் சாட்சி சொன்னது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

வெளியே வந்ததும் பெரியத்தான் டீக்கடைப் பக்கம் விலகிப் போனார். ஏன் என்று என் கணவரைக் கேட்டேன். தூக்கத்தில் இந்திக் குரல் கேட்டதும், இடிக்க வந்துவிட்டார்கள் என்று, கை தானாக ஏணிக்குப் போய்விட்டதாம். முழுசாக விழிப்பு வந்து கதவைத் திறந்தால் அவர்கள் போய்விட்டார்களாம். என்னிடம் சொல்லவேண்டாம் என்று அண்ணன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம்.

"எங்கிட்டச் சொல்ல என்ன?"

"சொன்னா நம்பிருப்பியா? அண்ணனக் காப்பாத்த நான் பழிய ஏத்துக்கிடுதேன்னு சொல்லிருப்ப."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இதுவும் பழியை என் தலையில் திருப்புகிற சாமர்த்தியமோ என்று அப்போதும் ஒரு மூலையில் தோன்றியது.

பெரியத்தான் டீயோடு வந்தார். கண்ணாடித் தம்ளர் சுட்டது. எந்தப் பக்கம் வீடு தருவார்கள் என்று கேட்டார். தெரியவில்லை, மான்குர்த் தாண்டி என்று பேச்சு என்றேன். தாராவியில் அவருக்கு, வெளியே எங்களுக்கு என்பது மட்டும் உறுதி. தூரம்தான் என்று தலையாட்டினார். ஒரு மழைக்காலம் முழுக்க நான் செய்ததற்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"போற வரைக்குமாவது பிள்ளையக் கீழ விடும்மா."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சரி என்று தம்ளரைப் பார்த்துச் சொன்னேன்.